தோளைக் குலுக்கினால் தமிழில் என்ன அர்த்தம்?

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வந்த நாவல் எதை எடுத்துப் புரட்டினாலும் சில பக்கங்களுக்குள் யாராவது ஒருவர் தோளைக் குலுக்கிவிடுகிறார். துப்பறிவாளர் குலுக்குகிறார், சாட்சி சொல்ல வந்தவர் குலுக்குகிறார், தேநீர் கொண்டுவந்து வைக்கிற பணிப்பெண்ணும் குலுக்குகிறாள். நமக்கு இது பழகிப்போய்விட்டது. பழகிப்போனதுதான் உறுத்துகிறது. ஆங்கிலத்தில் ‘ஷ்ரக்’ என்று இருந்த இடத்தில் அந்தப் பாத்திரம் ஒரு பதிலைச் சொல்லியிருக்கிறது. தெரியாது, எனக்கென்ன வந்தது, என் கையில் இல்லை, சரி போகட்டும் என்று ஏதோ ஒன்று. தமிழில் அந்தப் பதில் காணாமல் போய்த் தோள் அசைந்தது மட்டும் மிஞ்சுகிறது. கேள்வி கேட்டவருக்கு விடை கிடைத்ததா இல்லையா என்பதே தெரியாமல் வாசகர் அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்.

வினைச்சொல்லும் பொருந்தவில்லை. குலுக்குவது என்றால் பலமுறை ஆட்டுவது. உண்டியலைக் குலுக்குகிறோம், சீட்டைக் குலுக்கிப் போடுகிறோம், கைகுலுக்குகிறோம். ஷ்ரக்கில் தோள் ஒரே ஒரு முறைதான் மேலே போகிறது. ஒரு கணம் நின்று இறங்குகிறது. ‘தோளைத் தூக்கி இறக்கினான்’ என்றாலாவது அசைவு சரியாக வரும். ஆனால் யாரோ எப்போதோ ‘குலுக்கினான்’ என்று எழுதிவிட்டார்கள், அடுத்து வந்தவர்கள் அதையே எடுத்துக்கொண்டார்கள், இன்று அது நேரடியாகத் தமிழில் எழுதப்படும் கதைகளுக்குள்ளும் வந்துவிட்டது. மதுரைப் பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் ஆள்கூடத் தோளைக் குலுக்குகிறார். அந்த ஆளை நேரில் பார்த்தால் அவர் அப்படிச் செய்யவே மாட்டார்.

சைகையைக் குறிக்கும் ஆங்கில வினைச்சொற்களில் பெரும்பாலானவை ஒற்றை அசைச் சொற்கள். நாட், ஷ்ரக், விங்க், வின்ஸ், ஃப்ரௌன், ஸ்மர்க் (ஏளனப் புன்னகை), ஸ்கௌல் (கடுகடுத்த பார்வை), பௌட், க்ளேர் (முறைப்பு) என்று சட்டென்று வந்து போய்விடும். ஆங்கில நாவலாசிரியர்கள் இவற்றை உரையாடலுக்கு நடுவில் மூச்சு விடுவதற்கான இடமாகப் பயன்படுத்துகிறார்கள். ‘என்றான்’, ‘என்றாள்’ என்று திரும்பத் திரும்ப எழுதச் சலித்தால் ஒரு தலையசைப்பு, ஒரு பெருமூச்சு. அங்கே அது கண்ணில் படாமல் கடந்துவிடும். தமிழிலோ ஒவ்வொன்றும் இரண்டு மூன்று சொல் கொண்ட தொடராகிவிடுகிறது. ‘புருவத்தை நெரித்தபடி’, ‘உதட்டைச் சுழித்துக்கொண்டு’ என்று எழுதும்போது அந்தச் சைகைக்கு மூலத்தில் இல்லாத கனம் ஏறிவிடும். அதனால் முதலில் பார்க்க வேண்டியது, அந்தச் சைகை அங்கே தேவைதானா என்பதை. ‘எனக்கெப்படித் தெரியும்?’ என்று தோளைக் குலுக்கினான் என்ற வரியில் சைகை சொல்வதைப் பேச்சே சொல்லிவிட்டது. தோளை விட்டுவிடலாம், மூலத்துக்கு ஒரு துரோகமும் இல்லை. சைகை மட்டும் தனியாகப் பதிலாக நிற்கும் இடங்களில்தான் உண்மையான வேலை இருக்கிறது.

ஒரு சைகையின் எந்த உறுப்பைப் பிடிப்பது

1867இல் சார்ல்ஸ் டார்வின் உலகின் பல மூலைகளில் இருந்தவர்களுக்கு 16 கேள்விகள் கொண்ட பட்டியல் ஒன்றை அனுப்பினார். உணர்ச்சி வெளிப்பாடுகள் எல்லா மக்களிடமும் ஒன்றுபோல இருக்கின்றனவா என்று அறிவது அவர் நோக்கம். அதில் ஒரு கேள்வி ஷ்ரக்கைப் பற்றியது. ஒரு காரியத்தைத் தடுக்கத் தன்னால் முடியாது, அல்லது ஒன்றைத் தன்னால் செய்ய முடியாது என்று காட்ட விரும்புகிறவர், தோளை உயர்த்தி, முழங்கைகளை உள்ளே ஒடுக்கி, கைகளை வெளியே நீட்டி, உள்ளங்கைகளை விரித்து, புருவங்களையும் உயர்த்துகிறாரா என்று கேட்டிருந்தார். 1872இல் வெளியான நூலில் இன்னும் நுணுக்கமாக விவரித்தார்: தலை ஒரு பக்கம் லேசாகச் சாயும், நெற்றியில் கோடுகள் விழும், வாய் பெரும்பாலும் சற்றே திறந்திருக்கும். கோபத்தில் சண்டைக்கு நிற்கிறவன் மார்பை நிமிர்த்தி, தோளை விறைத்து, கையை முறுக்குகிறான். அதற்கு நேர் எதிரான நிலை இது, ‘நான் எதிர்க்கவில்லை’ என்று உடம்பு சொல்வது என்பது அவருடைய விளக்கம். ஆங்கிலேயர்கள் மற்ற ஐரோப்பியர்களைவிட அடக்கமானவர்கள் என்றும், பிரெஞ்சுக்காரர்களும் இத்தாலியர்களும் செய்கிற அளவுக்கு அடிக்கடியும் வேகமாகவும் அவர்கள் ஷ்ரக் செய்வதில்லை என்றும் அதே இடத்தில் குறிப்பிடுகிறார்.

இந்த விவரணையைத் தமிழர் ஒருவர் நிதானமாகப் படித்தால் ஒன்று தட்டுப்படும். தோளை ஒரு நிமிடம் மறந்துவிட்டு மிச்சத்தைப் பாருங்கள். கை வெளியே நீள்கிறது, உள்ளங்கை விரிகிறது, தலை சாய்கிறது. இது நமக்குத் தெரிந்த சைகை. டாக்டர் கையை விரித்துவிட்டார். பேங்க் மேனேஜர் கையை விரித்துவிட்டார். கடைசி நேரத்தில் சித்தப்பாவும் கையை விரித்துவிட்டார். ஆங்கிலம் அந்த முழு அசைவைத் தோளால் பிடித்துப் பெயர் வைத்தது. தமிழ் அதே அசைவைக் கையால் பிடித்துப் பெயர் வைத்திருக்கிறது. சைகை ஒன்றுதான். அதன் எந்த உறுப்பை மொழி கைப்பற்றியது என்பதில்தான் வேறுபாடு. இதை உணர்ந்த பிறகு ‘தோளைக் குலுக்கினான்’ என்பதை ஒரு சொல்லின் மொழிபெயர்ப்பாக ஏற்கவே முடியாது. நம் மொழி கவனிக்காத உறுப்பைக் காட்டி, கவனித்த உறுப்பை மறைத்துவிடுகிற தொடர் அது. 2016இல் யூனிகோடின் ஒன்பதாம் பதிப்பில் ஷ்ரக் என்ற பெயரில் எமோஜி சேர்ந்தது. கைபேசியில் அதை எடுத்துப் பார்த்தால் கண்ணில் முதலில் படுவது இரு பக்கமும் விரிந்த உள்ளங்கைகள்தான். பெயரில் தோள், படத்தில் கை.

ஆனால் கையை விரிப்பது ஷ்ரக்கின் பொருள்களில் ஒன்றை மட்டுமே ஏற்கும். முடியாது, என்னால் ஆகாது என்ற பொருள் அது. தெரியாது என்பதற்குத் தமிழில் உதடு வேலை செய்கிறது. ‘ரிசல்ட் என்னாச்சு?’ என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குகிறவன் இல்லை அல்லது தெரியாது என்கிறான். எனக்கென்ன என்பதற்கு முகம் திரும்பிக்கொள்கிறது. அதில் கோபமும் சேர்ந்தால் பெண்கள் மோவாயைத் தோளில் இடித்துக்கொள்கிறார்கள். கவனித்துப் பார்த்தால் அங்கே தோள் வருகிறது, ஆனால் அசைவதில்லை; அது நிற்கிறது, மோவாய்தான் அதை நோக்கிப் போகிறது. ஆக ஆங்கிலம் ஒரே சொல்லில் போட்டுவைத்ததைத் தமிழ் கை, உதடு, முகம் என்று பிரித்து வைத்திருக்கிறது. ஷ்ரக் வரும் ஒவ்வொரு இடத்திலும் இது எந்த ஷ்ரக் என்று முடிவு செய்யாமல் அடுத்த வரிக்குப் போக முடியாது.

துணைவினையிலும் கவனம் வேண்டும். ‘கையை விரித்தார்’ என்றால் கை உண்மையிலேயே விரிந்தது என்று படிக்கலாம். ‘கையை விரித்துவிட்டார்’ என்றால் மறுத்துவிட்டார் என்பதுதான் செய்தி. தொலைபேசியில் மறுத்தாலும் அப்படித்தான் சொல்வோம். காட்சியில் சைகை தேவையென்றால் ‘விடு’ வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அசைவு அதே, பொருள் நேர் எதிர்

ஷ்ரக்காவது பொருளை இழந்து வெறுமையாக நிற்கிறது. அதைவிட ஆபத்தானவை, தமிழிலும் அதே அசைவு இருந்து வேறு பொருள் கொண்டவை. அங்கே வாசகருக்குப் புரியாமல் போவதில்லை, தவறாகப் புரிந்துவிடுகிறது. எழுதியவருக்கும் படித்தவருக்கும் சந்தேகமே வராது என்பதால் பிழை அச்சிலும் அப்படியே நின்றுவிடும்.

கண்ணை உருட்டுவதை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் ஒரு பதின்வயதுப் பெண் அம்மாவின் பேச்சைக் கேட்டுக் கண்ணை உருட்டினாள் என்றால், கருவிழி மேலே ஏறி அரைவட்டம் அடித்து இறங்குகிறது; ‘இதையே எத்தனை தடவை கேட்பது’ என்ற சலிப்பும் கொஞ்சம் அலட்சியமும் அதில் இருக்கின்றன. தமிழில் கண்ணை உருட்டுவது மிரட்டுவதற்கு. விருந்தினர் முன்னால் வாயாடும் பிள்ளையை அம்மா கண்ணை உருட்டி அடக்குகிறாள். ‘கண்களை உருட்டினாள்’ என்று நேராகப் பெயர்த்தால் மகள் அம்மாவை மிரட்டுகிற காட்சியாகிவிடும், இருவருக்கும் இடையிலுள்ள உறவே மாறிவிடும். அந்த இடத்துக்கு ‘சலித்துக்கொண்டாள்’ போதும். சைகையும் வேண்டும் என்றால் ‘கண்ணை மேலே செருகிச் சலித்துக்கொண்டாள்’ என்று இரண்டையும் சேர்த்து எழுதலாம்.

கைகட்டுவதில் இருக்கும் பள்ளம் இன்னும் ஆழமானது. ஆங்கிலக் கதையில் ஒருத்தி மார்பின் குறுக்கே கைகளைக் கட்டிக்கொண்டாள் என்றால் அவள் இறங்கிவரத் தயாராக இல்லை. எதிர்ப்பு, பிடிவாதம், தற்காப்பு. உடல்மொழி பற்றி எழுதப்படும் நிர்வாகப் புத்தகங்களில் நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர்களிடம் கைகட்டாதீர்கள், மூடிய மனம் என்று எடுத்துக்கொள்வார்கள் என்று எச்சரிப்பதும் இதனால்தான். தமிழில் கைகட்டி நிற்பது பணிவு. வாத்தியார் ‘கையைக் கட்டு, வாயைப் பொத்து’ என்று சொன்னதும் வகுப்பறை கட்டிக்கொள்கிறது. கைகட்டிச் சேவகம் செய்தான் என்கிறோம். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, கைகட்டி, வாய்பொத்தி ஆண்டையின் முன் நிற்க வேண்டும் என்று ஒரு பகுதி மக்களைச் சாதி கட்டாயப்படுத்திய காலத்தின் நினைவு அந்தத் தொடருக்குள் இருக்கிறது. அந்தக் கனத்தோடு இருக்கும் ‘கைகளைக் கட்டிக்கொண்டாள்’ என்ற சொற்களை, கணவனை எதிர்த்து நிற்கும் ஒரு பெண்ணுக்குப் போட்டால் அவள் அந்த நொடியிலேயே தோற்றுப்போகிறாள். ‘அசையாமல் நின்றாள்’, ‘விறைத்துக்கொண்டு நின்றாள்’ என்று பொருளின் பக்கம் போவது நல்லது. தமிழ் உடம்பே வேண்டும் என்றால் இடுப்பில் கை வைக்கலாம். அது இரு மொழியிலும் வீம்பைக் காட்டுகிறது. தமிழில் அதற்குச் சண்டை வாடை கொஞ்சம் கூடுதல் என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வாயில் இப்படி மூன்று இருக்கின்றன. நாக்கைக் கடிப்பது ஆங்கிலத்தில் சொல்ல வந்ததை அடக்கிக்கொள்வது, அதாவது பேசுவதற்கு முன். தமிழில் நாக்கைக் கடித்துக்கொள்வது சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்ட பிறகு. முன்னும் பின்னும் இடம் மாறினால் ரகசியம் வெளிப்பட்டதா இல்லையா என்ற கதையின் முடிச்சே அவிழ்ந்துவிடும். பல்லைக் காட்டுவது ஆங்கிலத்தில் தாக்கத் தயார் என்ற எச்சரிக்கை. தமிழில் காரியம் ஆகவேண்டும் என்று குழைவது. ஓர் அமைச்சகம் தன் பல்லைக் காட்டியது என்று செய்தியை அப்படியே பெயர்த்தால், தண்டிக்கப் புறப்பட்ட அமைப்பு கெஞ்சுவதாகிவிடும். உதட்டைப் பிதுக்குவது ஆங்கிலத்தின் பௌட்டுக்கு அசைவில் மிக அருகில் வரும். ஆனால் பௌட் என்பது ஊடல், முணுமுணுப்பு, கேட்டது கிடைக்காத சிணுங்கல். அழப்போகும் குழந்தைக்கு உதட்டைப் பிதுக்குவது பொருந்தும். வளர்ந்த பெண் காதலனிடம் பிதுக்கினால் தெரியாது என்று சொன்னதாகிவிடும். அங்கே ‘முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்’ என்பதே நம் வழக்கு.

உச்சுக் கொட்டுவது நமக்கு இரக்கம். ஆங்கிலத்தில் கிட்டத்தட்ட அதே நாக்கொலி கண்டிப்பு. தலையைச் சொறிவது அங்கே குழப்பம். இங்கே கடன் கேட்க வந்தவரின் தயக்கம். பிரிட்டனில் மூக்கின் பக்கத்தில் விரலால் தட்டினால் ‘இது நமக்குள்ளே இருக்கட்டும்’ என்று பொருள். மூக்கில் விரல் வைப்பது தமிழில் வியப்பு. தாத்தா பேரனைப் பார்த்து விங்க் செய்கிறார் என்ற இடத்தில் ‘கண்ணடித்தார்’ என்று எழுதிவிடக் கூடாது. ஆங்கில விங்க்கில் கூட்டுச்சதி முதல் காதல் வரை எல்லாம் அடங்கும். தமிழில் கண்ணடிப்பது ஒரு பக்கமாகவே சாய்ந்துவிட்டது. தாத்தா கண்ணைச் சிமிட்டட்டும்.

தலையாட்டலில் ஆமாமும் இல்லையும்

எளிது என்று நினைத்துத் தடுக்கி விழுகிற இடம் இதுதான். மேலும் கீழும் ஆட்டுவதற்கு ஆங்கிலத்தில் நாட் என்று தனிச்சொல் இருக்கிறது. பக்கவாட்டில் ஆட்டுவதற்கு ஷேக் என்ற வினை. தமிழ் இரண்டுக்கும் ‘தலையாட்டு’, ‘தலையசை’ என்ற சொற்களையே வைத்துக்கொண்டு, ‘சரி என்று’, ‘மாட்டேன் என்று’ என முன்னால் ஒட்டுவதன் மூலம் பிரிக்கிறது. ஒட்டு விட்டுப்போனால் தலையாட்டல் இயல்பாகவே ஆமாம் பக்கம் போய்விடும். மண்டையை மண்டையை ஆட்டினான் என்றால் எதற்கும் சம்மதித்தான் என்று பொருள். ஆகவே மறுப்பாகத் தலையை ஷேக் செய்த ஒருவரை வெறுமனே ‘தலையை ஆட்டினார்’ என்று எழுதும் மொழிபெயர்ப்பு, மறுத்தவரைச் சம்மதிக்க வைத்துவிடுகிறது. இந்தப் பிழை எவ்வளவு சுலபமாக நேரும் என்பதை நினைத்தால் கவலையாக இருக்கிறது. நீதிமன்றக் காட்சியில் ஒரே ஒரு ஒட்டு விடுபட்டால் குற்றத்தை மறுத்தவர் ஒப்புக்கொண்டவராகிவிடுவார்.

அதிலும் ஷேக் எல்லாமே மறுப்பல்ல. இறந்தவரின் படத்தைப் பார்த்துத் தலையை ஷேக் செய்கிறவர் வருந்துகிறார். விளையாட்டுவீரரின் அசாத்தியமான அடியைப் பார்த்து அதையே செய்கிறவர் வியக்கிறார். முதல் இடத்தில் நாம் உச்சுக் கொட்டுவோம். இரண்டாம் இடத்தில், கச்சேரியில் உட்கார்ந்திருப்பவரைப் போலத் தலையை ஆட்டி ரசிப்போம். அங்கே ‘இல்லை என்று’ சேர்த்தால் கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னதாகிவிடும்.

முன்னிடைச்சொல்லும் பொருளை மாற்றும். ஒருவரிடம் ‘டு’ போட்டு நாட் செய்தால் பெரும்பாலும் வணக்கம் சொல்வது அல்லது சம்மதம். ‘அட்’ போட்டால் அவரைப் பார்த்து ஒரு சாடை, சில சமயம் ஒரு பொருளைச் சுட்டுவதும்கூட. ‘ஆஃப்’ சேர்ந்தால் தூங்கி வழிவது. ஃப்ரௌன் ‘அட்’ என்றால் ஒருவரைப் பார்த்து முகம் சுளிப்பது; ‘ஆன்’ என்றால் ஒரு பழக்கத்தை ஏற்காமல் இருப்பது, அங்கே முகமே தேவையில்லை. அமெரிக்க வாசகர்களில் பலருக்கு ஃப்ரௌன் என்றால் புருவத்தைவிட வாய்க்கோடு கீழே வளைவதுதான் நினைவுக்கு வரும். ஃப்ரௌன் முகம் என்ற பெயரில் இருக்கும் பழைய யூனிகோடு குறியிலும் வளைந்திருப்பது வாய்தான். பிரிட்டிஷ் நாவலில் நெரிவது புருவம். ‘முகம் சுளித்தான்’ என்று எழுதினால் இரண்டையும் தாங்கும்.

ஆங்கிலம் இந்த வினைகளுக்குச் செயப்படுபொருளும் தருகிறது. நன்றியை நாட் செய்தான், மன்னிப்பை ஷ்ரக் செய்தாள் என்கிற அமைப்பு அது. சைகை வினை பேச்சு வினையாகிவிடுகிறது. தமிழில் இதற்கு ‘என்று’ இருக்கிறது: நன்றி என்று தலையசைத்தான். ‘தலையசைப்பின் மூலம் தன் நன்றியைத் தெரிவித்தான்’ என்று அலுவலகக் கடிதம்போல எழுத வேண்டிய அவசியமே இல்லை. இன்னொரு பொறி: ஒருவர் கோட்டுக்குள் ஷ்ரக் செய்தார் என்றால் தோளை அசைத்துக் கோட்டை மாட்டிக்கொண்டார், அவ்வளவுதான். அதில் அலட்சியமும் இல்லை, பதிலும் இல்லை.

வலியும் கூச்சமும்

வின்ஸ், ஃப்ளின்ச், க்ரிஞ்ச், க்ரிமேஸ் என்ற நான்கையும் ‘முகம் சுளித்தான்’ என்ற ஒரே தொடரில் அடைத்துவிடுவது வழக்கமாகிவிட்டது. வின்ஸ் முகத்தில் நடப்பது, ஒரு நொடிதான், தன்னையறியாமல் வருவது. ஊசி ஏறும்போது வருவது. ஃப்ளின்ச் உடம்பில் நடப்பது. அடி விழுமோ என்று பின்வாங்குவது. ‘வெடுக்கென்று பின்வாங்கினான்’, ‘திடுக்கிட்டு விலகினான்’. க்ரிமேஸ் முகக் கோணல், சில நொடி நிற்கும், வேண்டுமென்றும் செய்யலாம். கசப்பு மருந்தைக் குடித்துவிட்டு அடுத்தவருக்குத் தெரியும்படி முகத்தைக் கோணுவது இதுதான். க்ரிஞ்ச் பயத்தில் ஒடுங்குவதாக இருந்து, இன்று பெரும்பாலும் மற்றவரின் அசட்டுத்தனத்தைப் பார்த்துக் கூசுவதாகிவிட்டது; ‘உடம்பு கூசியது’ என்பது அதற்கு மிக அருகில் நிற்கிறது. எந்தச் சொல்லாக இருந்தாலும் நான்கு கேள்விகள் கேட்டால் வழி தெரியும்: எந்த உறுப்பு, எவ்வளவு நேரம், தானாக வந்ததா வரவழைத்ததா, யாராவது பார்ப்பதற்காகவா?

கடைசிக் கேள்வியைத்தான் பலரும் தவறவிடுகிறார்கள். 1969இல் உளவியலாளர்கள் பால் எக்மனும் வாலஸ் ஃப்ரீசனும் உடலசைவுகளை ஐந்தாகப் பிரித்தார்கள். சொல்லுக்குப் பதிலாக நிற்பவை, பேச்சோடு கூடவே வந்து அதை விளக்குபவை, உரையாடலின் முறையைக் கட்டுப்படுத்துபவை, உணர்ச்சியைக் காட்டுபவை, தலைமுடியைக் கோதுவதுபோல உடம்பு தனக்காகவே செய்துகொள்பவை. எழுதுகிறவருக்கு இந்தப் பாகுபாடு நேரடியாக உதவும். முதல் வகைக்குப் பொருளைத் தராமல் தப்பிக்க முடியாது. கடைசி வகைக்குப் பொருள் தரவே கூடாது. உள்ளத்து உணர்வு உடம்பில் வெளிப்படுவதைப் பேசும் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலில் கூழை விரித்தல், காதொன்று களைதல், ஊழணி தைவரல், உடைபெயர்த்துடுத்தல் என்று தலைவியின் அசைவுகள் நான்கு அடுத்தடுத்து வருகின்றன. கூந்தலை அவிழ்ப்பதும், காதணி ஒன்றைக் கழற்றுவதும், அணிகளைத் தடவிப் பார்ப்பதும், உடையைத் திருத்தி உடுத்துவதும். அந்த வரிகளில் ‘ஆசையோடு’ என்ற சொல் இல்லை. அசைவு மட்டுமே இருக்கிறது, படிக்கிறவர் மிச்சத்தைக் கண்டுகொள்கிறார். ஆங்கிலக் கதையில் ஒருத்தி காதணியைத் திருகிக்கொண்டே இருக்கிறாள் என்றால் ‘பதற்றத்தில்’ என்று முன்னால் சேர்க்காமல் அப்படியே விடுகிற துணிச்சல் நமக்கு அந்நியமானதல்ல.

லண்டன்காரர் லண்டன்காரராகவே இருக்க

இவ்வளவு சொன்ன பிறகு, எல்லாச் சைகைகளையும் தமிழ்ச் சைகைகளாக மாற்றிவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. லண்டன் காவல் நிலையத்தில் இருக்கும் பெண் மோவாயைத் தோளில் இடித்துக்கொண்டால் அவள் அங்கிருந்து எழுந்து மயிலாப்பூர் வந்துவிடுவாள். அவள் உடம்பு அவளுடையதாகவே இருக்க வேண்டும். அவள் சொன்னது நமக்குக் கேட்கவும் வேண்டும். ‘அவன் எங்கே?’ என்று காவலர் கேட்கிறார், அவள் ஷ்ரக் செய்கிறாள். எழுதக்கூடிய வழிகளில் மூன்று:

‘அவள் உதட்டைப் பிதுக்கினாள்.’ ஓட்டம் தடைபடாது, பொருள் முழுதாக வரும், ஊர் மட்டும் கொஞ்சம் மாறும். விறுவிறுப்பான கதைக்கு இது போதும்.

‘அவள் தோளை ஒரு முறை தூக்கி இறக்கினாள். தெரியாதாம்.’ அசைவு லண்டனில் இருக்கிறது, பதில் தமிழில் வருகிறது. தமிழின் ‘ஆம்’ விகுதி செய்கிற இந்த வேலையை எந்த அகராதியும் செய்ய முடியாது. ஆனால் அது கேட்டவரின் பக்கம் நின்று சொல்வது. அவள் சொன்னதை நம்பாத தொனியும் லேசாக ஒட்டிக்கொள்ளும். காட்சி காவலரின் கண்வழியே வந்தால்தான் பொருந்தும். தன் கதையைத் தானே சொல்கிறவளுக்கு இது அறவே ஆகாது. அவள் ‘எனக்கென்ன தெரியும் என்று கையை விரித்தேன்’ என்றுதான் சொல்ல முடியும்.

‘பதில் வரவில்லை. தோள் மட்டும் ஏறி இறங்கியது.’ ஆசிரியர் வேண்டுமென்றே மூடி வைத்திருக்கும் இடத்துக்கு இது. தெரியாதா, சொல்ல மாட்டேன் என்கிறாளா என்று காவலருக்கே புரியவில்லை என்றால் வாசகருக்கும் புரியக் கூடாது.

பலரும் கைவைக்கிற நான்காவது வழி ‘என்பதுபோல்’. ‘தெரியாது என்பதுபோல் தோளைக் குலுக்கினாள்.’ பிழை ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு பக்கத்தில் இரண்டு முறை வந்தால் மேடைக்குறிப்பைப் படிக்கிற உணர்வு வந்துவிடும், மூன்றாவது முறை வந்தால் வாசகர் சைகைகளைத் தாண்டிக் குதித்துப் படிக்கத் தொடங்கிவிடுவார். ஓர் அத்தியாயத்தை முடித்ததும் ‘என்பதுபோல்’ என்று தேடிப் பார்த்து, பாதியையாவது மாற்றிவிடுவது நல்ல பழக்கம்.

எதிர்த்திசையில் போகிறவர்களுக்கும், தமிழை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகிறவர்களுக்கும், இதே பள்ளங்கள் காத்திருக்கின்றன. நம் தலையின் அந்தப் பக்கவாட்டுச் சாய்ப்பு சரி, பார்க்கலாம், கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், நன்றி என்று பலதையும் சொல்லும். ஆங்கிலத்தில் அதற்கிருக்கும் வாபிள், வேகிள், பாபிள் போன்ற சொற்கள் வெளியிலிருந்து பார்த்து வியந்தவர்கள் வைத்தவை. அவற்றைப் போட்டால் கதைக்குள் இருக்கும் மனிதர் வேடிக்கைப் பொருளாகிவிடுவார். சம்மதம்தான் சேதி என்றால் நாட் என்றே எழுதிவிடுவது அவருக்குச் செய்யும் மரியாதை.

எனக்கு மிகக் கடினமாகத் தோன்றுவது நெட்டி முறித்தல். பாட்டி இரு உள்ளங்கைகளாலும் குழந்தையின் கன்னத்தைத் தலையிலிருந்து மோவாய்வரை வழித்து எடுக்கிறாள், விரல்களை மடக்கி மூட்டுகளைத் தன் நெற்றிப்பொட்டில் வைத்து அழுத்துகிறாள், சடசடவென்று சத்தம் கேட்கிறது. எவ்வளவு சத்தமோ அவ்வளவு கண்ணேறு கழிந்தது. தமிழில் ‘நெட்டி முறித்தாள்’ என்ற இரண்டு சொல்லுக்குள் இது அத்தனையும் வந்துவிடும். ஆங்கிலத்தில் விரல்மூட்டுகளைச் சொடுக்குகிறவர் சண்டைக்கோ கடினமான வேலைக்கோ தயாராகிறார். அதனால் அந்தச் சொல்லை முதலில் வைக்கக் கூடாது. முதலில் குழந்தையின் கன்னம் வரவேண்டும், அடுத்து மேலிருந்து கீழாக வழிக்கும் கைகள், அடுத்து பாட்டியின் நெற்றிப்பொட்டு, அதற்குப் பிறகுதான் மூட்டுகளின் சத்தம். இந்த வரிசையில் எழுதினால், திருஷ்டி என்றால் என்ன என்று அடிக்குறிப்பு போடாமலே அந்நிய வாசகருக்கு அது அன்பு என்று தெரிந்துவிடும்.